பாவும் ஊடையும் இல்லாத கோட்டு

அந்த மழைக்கோட்டை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி மெட்ராஸில் கல்லூரிக்குப் போய்வந்தேன். அங்கே பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தருகிறார்கள் என்றதும் முதலில் பெயர் கொடுத்தவளும் நான்தான். பயிற்சியாளர் ஒரே நிபந்தனை போட்டார். தண்ணீர் இறங்காத மழைக்கோட்டு வேண்டும். கடலில் விழுந்தாலும் கண்ணில் படுகிற நிறமாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். உள்ளே நனைந்தால் படகில் இடம் கிடையாது.

இரண்டு கோட்டு வாங்க வழியில்லை. அதே கோட்டைத்தான் மழை நாளில் ஸ்டேஷனுக்கும் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அம்மா, அப்பாவோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது தபால்காரர் கோட்டு, கறுப்பு, முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. உடம்பு முழுக்க மூடுமாம். அதைப் போட்டுக்கொண்டு படகில் கால் மடக்கி உட்கார முடியாது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மஞ்சளில், இடுப்பளவுக்கு இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஆங், கீதும்மா. காவடி எடுக்கிறியா?" என்றார் கடைக்காரர்.

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் எங்கள் ஊரில் மஞ்சள் உடுத்தினால் காவடியோடு மலையேறுகிறவர் என்றுதான் அர்த்தம். இல்லை, படகு ஓட்ட என்றேன். கோயில் தெப்பத்தில் பொம்பளைப் பிள்ளைகளை எப்போதிலிருந்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்.

நைனா என்று நான் கூப்பிடும் அப்பா தறி நெய்கிறவர். அதுவரை அந்த மஞ்சள் கோட்டை விரலிடுக்கில் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"இன்னாம்மா இது, பாவும் இல்ல, ஊடையும் இல்ல. இழையே இல்லாதத துணின்னு எப்படிப் போட்டுக்குவ?"

நெய்யாததால்தான் தண்ணீர் இறங்காது என்று விளக்கினேன். தலையாட்டினார். வாங்கியும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் தோள், கை, விலா எங்கும் வெள்ளை நூல் ஓடியிருந்தது. இணைப்புகளை வெறுமனே ஒட்டித்தான் வைத்திருக்கிறான், கடல் காற்றில் பிய்ந்துபோகும் என்று நைனாவே உட்கார்ந்து தைத்துவிட்டிருந்தார். நேரான, நெருக்கமான தையல். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை.

கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தோளில் ஊற்றிக் காட்டினேன். உள்ளே தொப்பலாக நனைந்துவிட்டது.

"நைனா, நாளைக்கு என்னைப் படகுல ஏத்தமாட்டாங்க."

அழுகை வந்தது. அது தெரியக்கூடாதென்று கத்தித்தான் சொன்னேன். அவர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துவந்து, தையல் தையலாக உள்ளேயும் வெளியேயும் தேய்த்தார். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தூறலில் கோட்டோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பிளாட்பாரத்தில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்த ஊர்க் காவடி என்று இன்னொருவர் கேட்டார். நான் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பயிற்சியாளர் ஒரு வாளித் தண்ணீரை என் தோளில் கவிழ்த்தார். கழுத்து வழியாகக் கொஞ்சம் இறங்கியது. அது எல்லோருக்கும்தான் இறங்கியது. தையலில் ஒரு சொட்டு இல்லை. கோட்டுக்கு மேல் இப்படித் தைத்தது யார் என்று கேட்டார். என் அப்பா என்று நிமிர்ந்து சொன்னேன். ஏறு என்றார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, நனையவில்லை, ஏற்றிக்கொண்டார்கள் என்றேன். நைனா தறியை நிறுத்தக்கூட இல்லை.

"பின்ன? நூலு போட்டது யாரு?"

மெழுகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.