ராட்சசனுக்கு ஆள்

நாலரை மணிக்கு மேல் பள்ளி வராந்தாவில் ஒரு மயக்கம் இறங்கும். சுண்டலை மென்றுகொண்டே பாதிப் பிள்ளைகள் கண் சொருகிப்போவார்கள். சாக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில், பள்ளி விட்ட பிறகு அவர்களுக்கு மரம், தண்ணீர், பறவை என்று பாடம் நடத்திவந்தேன். பாடம் என்ன பாடம், பாதி கதைதான். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

அன்று சீமைக்கருவேல மரத்தைப் பற்றிப் பேசினேன். அவன் ஒரு ராட்சசன், பூமிக்குள் கையை விட்டு நம் ஊருணித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சுகிறான், அவனால் பிழைக்கிறவர்களும் கெட்டவர்கள்தான் என்று அளந்துவிட்டேன். அந்தக் கடைசி வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கதைக்கு ருசியாக இருந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நன்றாக விழித்திருந்தாள். "ராட்சசன் செத்துட்டா எங்கப்பா எதை வச்சு டீச்சர் கரி போடுவாக?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே அடுத்த கதைக்குப் போய்விட்டேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

தேடிக்கொண்டு போனேன். கண்மாய் ஓரம், மண் பூசி மூடிய கருவேல விறகுக் குவியல்கள் உள்ளுக்குள் வெந்து கரியாகிக்கொண்டிருந்தன. நீலப் புகை தரையோடு தவழ்ந்தது. மாலை வெயில் அதில் கரைந்து, மாடும் மனிதரும் கனவில் வருகிறவர்கள்போல் தெரிந்தார்கள். வந்த காரியமே ஒரு நிமிடம் மறந்துபோனது.

"இங்குட்டு வாங்க டீச்சர், அங்குட்டுப் புகையடிக்கும்," என்றார் அவள் அப்பா. "ரெண்டு நாளா புள்ள என் பக்கத்துல படுக்க மாட்டேங்குது. நான் ராட்சசனுக்கு ஆளாம். அந்த மரத்தை இந்த ஊர்ல வெட்டுறதே நாந்தான் டீச்சர். வேரோட பிடுங்க மாட்டேன், அது நெசம். மறுபடி தழைச்சாத்தான எங்களுக்குச் சோறு."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது.

சற்றுத் தள்ளி நின்ற சிறுமியிடம் போய்க் குந்தினேன். "உங்கப்பா கெட்டவரு இல்லம்மா. அதை டீச்சர் சும்மா சேத்துச் சொன்னேன்."

"பொய்யா டீச்சர்?"

"ஆமா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஓடிப்போய் அப்பாவின் லுங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலையைத் தடவப் போனவர், விரலெல்லாம் கரி என்று பார்த்துக் கையை நிறுத்திக்கொண்டார். அவளே அதை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு வருவாயா என்று கேட்காமலே திரும்பி நடந்தேன்.