என் பொய்க்கு மகள் சாட்சி

போன வருஷம், பாலைப்பழம் பழுத்துக் கிடந்த காலத்தில் நடந்தது இது. நான் கற்பிட்டிப் பக்கம் எத்தாளையில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறவன். தோட்டத்தில் வேலை குறைந்தால் எனக்கு வாய் கூடிவிடும். என் மனைவியின் அண்ணன், கட்டாரில் இருக்கும் நானா, பல வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வரப்போவதாகப் போன் எடுத்தார். கேட்ட சந்தோஷத்தில் நான் சும்மா இருக்கவில்லை. "வாங்க மச்சான், ஒங்களுக்கு மான் இறைச்சியோட சோறு தாறன்" என்று பெரிதாக அளந்துவிட்டேன்.

மான் சுடுவது குற்றம், பிடிபட்டால் கோர்ட்டுக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஊரில் நாலு பேர் செய்கிறார்கள், நான் செய்தால் மட்டும் என்ன என்று மனதுக்குள் ஒரு கதை வைத்திருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்ற வீராப்பு வேறு.

எனக்கு ஒரே மகள். அப்போது ஆறாம் ஆண்டு படித்தாள். காட்டுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் தானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பிடிவாதத்தில் அவள் அச்சு அசல் நான்தான். "பொம்புளப் புள்ளயக் காட்டுக்குக் கூட்டிப் போறதா? ஒங்களுக்கு மூள கலங்கிட்டா?" என்று மனைவி ஏசினாள். நான் சிரித்துக்கொண்டே மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன். அவள் வரக் கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் நல்ல பெருமை. வாப்பா துவக்குப் பிடித்துச் சுடுவதை அவள் பார்க்கட்டுமே என்று ஆசைப்பட்டேன். உண்மையைச் சொன்னால் அதுதான் காரணம்.

விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். புத்தளத்துக்கு வடக்கே, வனாத்தவில்லுப் பக்கம் காட்டோரத்தில் சேனைப் பயிர் செய்கிற ஒரு சிங்களக் கூட்டாளி எனக்கு இருக்கிறார். பன்றி விரட்ட அவரிடம் ஒரு துவக்கு உண்டு. கிடைப்பதில் பாதி அவருக்கு, பாதி எனக்கு என்று பேச்சு. துவக்கை வாங்கிக்கொண்டு நானும் மகளும் உள்ளே நடந்தோம்.

அரச காடு என்றதும் ஆள் அரவமில்லாத இடம் என்று நினைக்காதீர்கள். பாலைப்பழக் காலத்தில் அது சந்தை மாதிரி. குடும்பம் குடும்பமாக வாளியும் சாக்கும் கொண்டு பழம் பொறுக்க வந்திருந்தார்கள். மரத்தில் ஏறியவர்கள் கொப்பை உலுப்ப, கீழே பெண்கள் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாடு தேடுகிறவன், விறகு வெட்டுகிறவன், என்னைப் போலத் துவக்கை ஒளித்துக்கொண்டு திரிகிறவன் என்று எல்லா வகையும் உண்டு. அதனால்தான் மகளுக்குப் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் போட்ட சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டிருந்தேன். பற்றைக்குள் அசைவது மானா மனிசரா என்று தெரியாமல் எவனாவது சுட்டுவிடக்கூடாதே. மற்றவன் துவக்குக்கு அத்தனை பயந்த எனக்கு, என் கையிலிருந்த துவக்கைப் பற்றி யோசனையே வரவில்லை.

அங்கே எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. இத்தனை துவக்குகள் திரிகிற இடத்தில் எந்த மான் யார் சுட்டதென்று எப்படிச் சொல்வது? காயப்பட்ட மான் எங்கோ ஓடிப்போய் எங்கோ விழும். ஆகவே யாருடைய கத்தி முதலில் கழுத்தில் படுகிறதோ, மான் அவருக்கு. அதற்குமேல் பேச்சில்லை.

வெயில் ஏறிய பிறகு, வற்றிப்போன ஒரு குளத்துப் பக்கம் சின்னக் கூட்டம் ஒன்றைக் கண்டோம். நான் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டேன். கூட்டம் சிதறி ஓடியது. வெடிச் சத்தம் அடங்குவதற்குள் பற்றைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண், "இங்க ஆக்கள் ஈக்கிறம், சுட வேணாம்" என்று கத்தினாள். பழம் பொறுக்க வந்தவர்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்டும் இல்ல, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு மான்கள் ஓடிய பக்கம் போனேன். அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில், பற்றைக்கடியில் ஒரு மான் கிடந்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கத்தியை உருவிக்கொண்டு ஓடினேன். அதே நேரம் பின்னால் நாய் குரைக்கிற சத்தமும் ஆட்கள் வருகிற சத்தமும் கேட்டது. முந்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது என் தலையில் இல்லை. மானின் தலையைத் திருப்பிப் பிடித்தேன்.

கை வைத்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பில் சூடில்லை. கால் விறைத்திருந்தது. வயிற்றில் பட்ட காயத்தில் ஈ மொய்த்தது. விடியப்புறம் வேறு யாரோ சுட்டு, ஓடிவந்து விழுந்து செத்த மான் அது. என் வெடி அதன் பக்கத்திலும் போயிருக்காது.

எங்களுக்கு இதில் இரண்டு பேச்சுக் கிடையாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் ஹலால். தானாகச் செத்துக் கிடந்ததைப் பிறகு அறுத்தாலும் அது ஹராம்தான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இருந்தும் நான் கத்தியை வைத்தேன். பிஸ்மில்லாஹ்வும் சொன்னேன். அல்லாஹ்வுடைய பெயரைச் செத்த மான் மேல் சொன்ன வாய் இது.

"வாப்பா, ரத்தம் வரல்லயே" என்றாள் மகள்.

"வந்த. நீ சரியாப் பாக்கல்ல" என்றேன்.

அதற்குள் இரண்டு பேர் நாயோடு வந்துவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள், ஆனால் எங்கள் முஸ்லிம் ஆட்கள்தான். ஒருவர் மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உசிரோடயா அறுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஓம். வேணுமெண்டா புள்ளயக் கேளுங்க" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்ததா என்றால், இல்லை. கெட்டிக்காரி, வாப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவள் மேல் பெருமைதான் வந்தது. இப்போது இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

கூட்டாளி தன் பாதியை எடுத்துக்கொண்டார். என் பங்கை உரப்பையில் போட்டு, மேலே பாலைப்பழத்தைப் பரப்பி, மகளை அணைத்துப் பிடிக்கச் சொல்லி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழி நெடுக அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்தான். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்பினேன். மறைத்துத் தின்றுவிட்டான் என்று யாரும் சொல்லக்கூடாதாம். மனைவி இரவே மிளகும் இஞ்சியும் போட்டு ஊறவைத்தாள்.

மறுநாள் பகல் மச்சான் தன் மாமனாரோடு வந்து இறங்கினார். வீடு கலகலப்பாகிவிட்டது. பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டி, நடுவில் இறைச்சிக் கறியை வைத்து, அவரும் அவருடைய மாமனாரும் நானும் சுற்றி உட்கார்ந்தோம். மகள் கை கழுவத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவளையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார் மச்சான். வயிறு சரியில்லை என்று சொல்லிச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

மச்சான் மார்க்கப் பேணுதல் உள்ளவர். "அங்க வெளிய போனா, இறைச்சி எங்க அறுத்து வந்ததோ எண்ட சந்தேகத்துல மீனத்தான் திம்பன்" என்று சிரித்தார். "ஒங்கட ஊட்டுலதான் மச்சான், ஒண்டையும் யோசிக்காமச் சாப்புடலாம்." அவருடைய மாமனாரும் ஆமோதித்துத் தலையாட்டினார். அப்போதும் நான் சோற்றைப் பிசைந்துகொண்டுதான் இருந்தேன்.

மச்சான் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மென்றுகொண்டே மகளிடம் விளையாட்டாகக் கேட்டார். "நீயும் போனியாமே காட்டுக்கு. அறுக்கக்குள்ள பயப்படல்லயா?"

சந்தேகத்தில் கேட்ட கேள்வி அல்ல அது. மருமகளோடு கதைக்க வேண்டும் என்ற ஆசையில் கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"இல்ல மாமா. உசிர் இருந்திச்சு. வாப்பா அறுக்கக்குள்ள கால் ரெண்டும் உதறிச்சு. ரத்தம் நல்லா வந்திச்சு."

கால் உதறியதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அவளாகவே எனக்காக உண்டாக்கினாள். எவ்வளவு சுத்தமாகச் சொன்னாள் தெரியுமா? குரல் நடுங்கவில்லை, கண் தாழவில்லை. காட்டுக்குப் போகுமுன் பென்சில் உடைந்ததற்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாமல் முழிக்கிற பிள்ளை. ஒரே நாளில் அவளை இந்த அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மச்சானின் மாமனார் அப்போதுதான் இறைச்சித் துண்டு ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"சாப்புட வேணாம்" என்றேன். "புள்ள பொய் சொல்றா. எனக்காகச் சொல்றா. மான் செத்துத்தான் கிடந்த."

மச்சான் எழுந்து பின்பக்கம் போனார். அவர் வாயைக் கொப்பளிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. வாசலில் நின்ற என் மனைவி, "அறுக்காததயா என்ட கையால சமைக்க வச்சீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மிக மெதுவாகக் கேட்டாள்.

மச்சான் திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னை நாலு வார்த்தை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். "தங்கச்சி, பாண் இருந்தாக் கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். கட்டாரிலிருந்து வந்த மனிசன், என் வீட்டு முதல் விருந்தில், காய்ந்த பாண் துண்டைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டார். நான் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அதோடு முடியவில்லையே. இறைச்சி கொடுத்த வீடுகள் இருந்தன. சொல்லாமல் விட முடியாது. நான் செருப்பை மாட்டும்போது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"நானும் வாறன்" என்றாள்.

"நீ என்னத்துக்கு? நீ ஒண்டும் செய்யல்லயே."

"நான்தானே தலையாட்டின" என்றாள்.

இரண்டு பேரும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நேத்துத் தந்த இறைச்சியத் தின்ன வேணாம், அது அறுக்கமுந்தியே செத்தது" என்று சொன்னேன். சிலர் சட்டியோடு கொண்டுவந்து தந்தார்கள். ஒருவர், "ஏன் தம்பி, இது நேத்துத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் மகளைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. அவள் இல்லாவிட்டால் கன்னத்தில் அறைந்திருப்பார், அறைந்திருக்கவும் வேண்டும்.

கடைசி வீட்டில் அதற்குள் சமைத்துத் தின்று முடித்துவிட்டார்கள். நான் ராத்தா என்று கூப்பிடும் அந்த வீட்டுப் பெண், நான் சொன்னதைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தெரியாமத் திண்டதுக்கு எங்களுக்குக் குத்தமில்ல" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். எங்களுக்கு என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள். "வாப்பா, நான் சொன்ன பொய் ஒங்கட கணக்கா, என்ட கணக்கா?"

"என்ட" என்றேன். "ரெண்டும் என்ட."

அவள் நடந்துகொண்டே என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நான் சொல்வது மெய்தானா என்று தேடுகிற பார்வை அது. அதற்கு முன் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மிச்ச இறைச்சியைத் தோட்டத்துக்கு அப்பால் குழி வெட்டிப் புதைத்தேன். துவக்குப் பக்கம் அதற்குப் பிறகு போகவில்லை. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபாச் செய்தேன். மச்சான் புறப்படும்போது என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போனார். அண்டை அயலில் முகம் கொடுத்துக் கதைக்கிறார்கள். வெளியே எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே சொல்லலாம்.

மகள் இப்போது ஏழாம் ஆண்டு. என்னோடு சிரிக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், சந்தைக்குப் போனால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால், அது நாளைக்கு டவுனுக்குப் போவோம் என்கிற சின்ன விஷயமாக இருந்தாலும், முதலில் ஒரு தரம் என் முகத்தைப் பார்க்கிறாள். பார்த்த பிறகுதான் "ஓம் வாப்பா" என்கிறாள். முகத்தைப் பார்க்காமலே என்னை நம்புகிற ஒரு மகள் எனக்கு இருந்தாள். அவளை அந்தக் காட்டில் தொலைத்துவிட்டு வந்தவன் நான்தான்.