மலர்விழியின் கயிறு

புதுக் கயிற்றைச் சுழற்றினால் காதோரம் ‘விர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கும். வேகம் கூடக்கூட அது மெலிந்து விசில்போல ஆகும். கை கொஞ்சம் தவறினாலும் கெண்டைக்காலில் ‘சுளீர்’ என்று விழுந்து சிவப்பாகத் தடம் வைத்துவிட்டுப் போகும். அந்தத் தடத்தை வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்த வருடம் அது. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குப் புதிதாக வந்த விளையாட்டு ஆசிரியை, எங்களுக்கு அவர் ‘கேம்ஸ் மிஸ்’, ஒரு மாலை நேரம் பெரிய சாக்குப்பை ஒன்றை மைதானத்தில் கவிழ்த்தார். வளையம், பந்து, சீசா வடிவத்தில் இரண்டு கட்டைகள், குச்சியில் கட்டிய நீள ரிப்பன், கடைசியில் கயிறு என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ‘ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்’ என்ற பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டோம். பெண்கள் அத்தனை பேரும் ரிப்பன்மேலும் மற்றவற்றின்மேலும் பாய, கூட்டத்தில் இடிபட்டுப் பின்னால் நின்ற இரண்டு பேருக்குக் கயிறுதான் மிஞ்சியது: பூவத்திலிருந்து சைக்கிளில் வரும் எனக்கும், திருவேட்டக்குடியில் கடலுக்குப் போகிறவர் மகளான மலர்விழிக்கும்.

“கயிறா? மாடு கட்டவா?” என்று முணுமுணுத்தேன்.

“நீ மாட்டக் கட்டு புள்ள, நான் எங்கப்பா போட்டக் கட்டிக்கிறேன்” என்றாள் மலர். இருவரும் சிரித்தோம், அன்றிலிருந்து சிநேகிதிகள்.

இது ஸ்கிப்பிங் கயிறு அல்ல. பிடி கிடையாது, இரண்டு முனையிலும் முடிச்சு மட்டும்தான். நடுவில் மிதித்துக்கொண்டு நின்றால் முனைகள் அக்குள்வரை வர வேண்டும். ஆளுக்குத் தகுந்த அளவு. மலர் என்னைவிட ஒரு தலை உயரம் என்பதால் அவள் கயிறு எனக்கு நீளம், என்னுடையது அவளுக்குக் குட்டை. அதைத் தாண்டலாம், உடம்பில் சுற்றி அவிழ்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக வானத்தில் எறியலாம். எறிந்துவிட்டுத் தரையில் ஒரு உருளல் உருண்டு எழுந்து, கடற்காற்றில் சுழன்று இறங்கும் முனைகள் இரண்டையும் சரியாக இரண்டு கையிலும் பிடிக்கும் அந்த நொடிக்காக, நாங்கள் மழைத்தூறலில்கூட வீட்டுக்குப் போகாமல் நின்றோம்.

வயலையும் பார்த்து, ஆபீஸ் வேலைக்கும் போய்வந்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. புதுச்சேரி மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் மாவட்டப் போட்டிக்கு முதல்நாள் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “அடுத்த வருஷம் பத்தாவதும்மா. செலக்ட் ஆனா புதுச்சேரி போய்ட்டு வா. ஆவலன்னா கயித்த மிஸ்ஸுகிட்ட குடுத்துட்டுப் புத்தகத்த எடு.”

போட்டி காரைக்காலில், தகரக் கூரை போட்ட ஒரு அரங்கில் நடந்தது. அப்பாவும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. கயிறு என் பேச்சைக் கேட்டது. தாண்டினேன், சுற்றினேன், அவிழ்த்தேன், மைதானத்தில் எறிகிற அதே வேகத்தில் மேலே எறிந்தேன், உருண்டு எழுந்து கைகளை நீட்டினேன். கயிறு வரவில்லை. கூட்டம் “அய்யய்யோ” என்றது. அண்ணாந்து பார்த்தால், கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரத்தில் அது மாட்டிக்கொண்டு தொங்கியது. எங்களுக்கு மேலே எப்போதும் வானம்தான் இருந்திருக்கிறது. கூரைக்கு அளந்து எறிய எங்களுக்குத் தெரியாது.

பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது. என் கால்கள் நின்றுவிட்டன.

அடுத்து ஆட வேண்டிய மலர் விரிப்பின் ஓரத்தில் தயாராக நின்றாள். “இந்தா புள்ள, புடி!” என்ற குரலோடு அவள் கயிறு என்னை நோக்கிப் பறந்து வந்தது.

ஒரு முனையைப் பிடித்தேன். நீளம் அதிகம், மிஞ்சியதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்படியே குதித்தேன். பழகியது பாதி, அந்த நேரத்தில் தோன்றியது பாதி. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசித் தாளத்தில் முழங்காலிட்டுக் கயிற்றை வீசி நிறுத்தியபோது நான் தோற்றுவிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏதோ பேசினார்கள், என் மதிப்பெண்ணை நன்றாகவே குறைத்தார்கள். என் வியர்வை ஈரம் காயாத அதே கயிற்றோடு மலர் ஆடினாள். அவள் எறிந்தது உத்தரத்துக்கு ஒரு சாண் கீழே போய்த் திரும்பியது. என்னைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்! மலர் தேர்வானாள், நான் ஆகவில்லை.

பூவம் போகும் பஸ் கோட்டுச்சேரி தாண்டியதும் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அந்தப் பொண்ணு புதுச்சேரி போறவரைக்கும் கூட நின்னு பழக யாரு இருக்கா?”

“யாரும் இல்லப்பா. நாங்க ரெண்டு பேர்தான் கயிறு.”

“அப்ப நீ போய் நில்லு. தன் கையில இருந்தத தூக்கிக் குடுத்த பொண்ணு அது. தனியா விட்டுட்டா நல்லாவா இருக்கும்?”

பஸ்ஸிலேயே எழுந்து குதிக்காதது ஒன்றுதான் குறை. அந்த மாதம் முழுக்க மலரோடு ஆடினேன். புதுச்சேரியில் மூன்றாவதாக வந்தாள்.

இப்போது என் மகள் காரைக்காலில் ரிப்பன் பழகுகிறாள். அவளோடு உட்கார்ந்து செல்போனில் உலகப் போட்டி பார்த்தேன். வளையம் வந்தது, பந்து வந்தது, கட்டைகள் வந்தன, ரிப்பன் வந்தது, அவ்வளவுதான். விசாரித்தால், பெரியவர்கள் தனியாக ஆடும் ஆட்டங்களிலிருந்து கயிற்றை எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டனவாம். பார்வைக்கு எடுப்பாக இல்லை என்று காரணம் சொன்னார்களாம். கேட்டதும் எனக்கு மனசு ஆறவில்லை. உடனே மலருக்கு போன் போட்டேன்.

“என்னாது, கயித்த எடுத்துட்டானுவளா?” அவள் போட்ட கத்தலில் என் மகளே திரும்பிப் பார்த்தாள். “யாருடி அது? நம்மள ஒரு வார்த்த கேக்க வேணாமா?”