குடித்து ஜட்கா ஓட்டியவர்களும் எங்கள் கோர்ட்டும்

கோர்ட்டில் துபாஷி வேலை என்பது, குடிகாரன் சொல்லும் பொய்யைத் துரைக்கு இங்கிலீஷிலும், துரை விடும் திட்டைக் குடிகாரனுக்குத் தமிழிலும் பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தங்கச் சுரங்கத்து மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி, சாராய வாடையடிக்கும் ஜட்காவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். எங்கள் மாஜிஸ்திரேட் துரை இவர்களுக்குக் கொடுத்த தண்டனைகளில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

லாக்கப்

ஜட்காக்கார முனுசாமி குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தான். உள்ளே இருந்த மேஸ்திரிக்குக் கை முறிந்தது. துரை அவனை ஒரு வாரம் உள்ளே தள்ளினார். வெளியே வந்த அன்றே கூட்டாளிகள் மாலை போட்டு, மேளத்தோடு சாராயக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். போன வேகத்திலேயே திரும்பவும் கூண்டில் வந்து நின்றான்.

ஜெயிலில் இருந்தும் புத்தி வரவில்லையா என்று துரை கேட்டதை அப்படியே தமிழில் கேட்டேன். "உள்ள இருந்தப்ப புத்தியாத்தான் சாமி இருந்தேன். வெளிய உட்டுட்டீங்களே, நான் இன்னா பண்றது?" என்றான்.

மருந்து

அடுத்து வைத்தியம். குடித்து ஓட்டிப் பிடிபட்டவர்கள் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், குடியை வெறுக்கவைக்கும் கசப்பு மருந்தை ஒரு மடக்கு விழுங்கிவிட்டு வரவேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். ஒருவன்கூட ஒருநாளும் தவறவில்லை. துரைக்கு ஒரே பெருமை. பிடிபடாதவர்களும் வந்து வரிசையில் நின்றபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மருந்து கெடாமலிருக்க அதில் கலப்பதே நல்ல சீமைச் சாராயமாம்.

கம்பவுண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, துரைகிட்ட சொல்லி இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்துங்க. ஜுரக்காரங்களுக்கு மருந்து மிச்சமில்ல" என்றார்.

நம்பர் தகடு

மூன்றாம் முறை முனுசாமி வந்தபோது துரை பொறுமை இழந்துவிட்டார். இன்னொரு தடவை புகார் வந்தால் ஜட்காவின் நம்பர் தகட்டைப் பிடுங்கிவிடுவேன் என்றார். தகடு போனால் பிறகு அவன் ஜட்காவே ஓட்ட முடியாது. முனுசாமி வழக்கம்போலத் தலையைச் சொறிந்தான்.

பின்னால் நின்ற அவன் பெண்சாதி செல்லம்மாள் முன்னே வந்தாள். அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். "வண்டி போச்சுன்னா இவரு சுரங்கத்து ஷாஃப்டுலதான் வேலைக்கு எறங்கணும். எங்கண்ணன் கேஜுக் கூண்டுல எறங்கினாரு சாமி, ஏறி வரவேயில்ல."

குதிரை

அன்றோடு முனுசாமி குடியை விட்டான். ஆனால் அந்த மாதமே போலீஸ்காரர் அவனை மறுபடி பிடித்து வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் ஒவ்வொரு சாராயக் கடை வாசலிலும் வண்டி நின்றதாம். "நான் இல்ல சாமி, குதிரைதான் நிக்குது. பழக்கம்" என்று அழுதான். செல்லம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. துரை சிரித்துவிட்டு, வாயில் ஒரு சொட்டுப் படாதவன் ஓட்டிப் பார்க்கட்டும் என்று என்னைக் கைகாட்டினார். நான் எங்கள் சபையின் குடி ஒழிப்புச் சங்கத்துக் காரியதரிசி.

கடைவீதி முழுக்கப் பார்க்க லகானைப் பிடித்தேன். பின்னால் துரை தன் வண்டியில் வந்தார். முதல் கடை வந்தது, குதிரை நின்றது. சாட்டையைக் காட்டினேன், கெஞ்சினேன், அசையவில்லை. எதிரே எங்கள் பாதிரியார் குடையோடு வந்துகொண்டிருந்தார். கடைக்காரர் வெளியே வந்து கும்பிட்டார். "துபாஷி ஐயா, வாசலோட நின்னா எப்படி? உள்ள வாங்க, முதல் நாள் எல்லாருக்கும் கூச்சமாத்தான் இருக்கும்."

குதிரை நின்றதைத் துரையே கண்ணால் பார்த்ததால் தகடு தப்பிய முனுசாமி இன்றுவரை குடிக்காமல் ஜட்கா ஓட்டுகிறான். எங்கள் கோர்ட்டு ஒரே ஒருவனைத் திருத்தியதற்குச் செலவானது என் நல்ல பெயர்தான்.