மெமரிக்கு வைத்த பொட்டு

மலேசியாவின் ரெம்பியாவில் வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை செய்கிறேன். எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரு பக்கத்தைத் திறக்கவே திணறியது. புதிது வாங்க வசதியில்லை. மதர்போர்டை மாற்றலாம் என்றார் கணவர். மெமரியை மட்டும் கூட்டினால் போதும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மலாக்கா டவுன் கடைக்காரரும் அதையே சொன்னதால் வாங்கி வந்தோம்.

மறுநாள் ஆயுத பூஜை. புதுப் பொருளாயிற்றே என்று, ஒரு சின்னப் பச்சைத் தகடாக இருந்த அந்த மெமரியைச் சாமி படத்தின் முன் வைத்து, சந்தனப் பொட்டிட்டேன். காய்ந்ததும் கணவர் பொருத்தினார். திரை இருண்டே கிடந்தது. உள்ளே பீப் பீப் என்ற சத்தம் மட்டும்.

"அப்பவே சொன்னேன்லா, போர்ட மாத்தியிருக்கணும்."

அந்த வாரம் ஒருவருக்கு டைப் செய்து கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை அதற்குள் இருந்தது.

பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போனோம். கடைக்காரர் மெமரியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இதுல சந்தனம் வச்சீங்களா?"

அழகாக இருந்ததே என்று, தங்க நிறத்தில் மின்னிய ஓரத்தில்தான் வரிசையாகப் பொட்டிட்டிருந்தேன். கரண்ட் பாய்வதே அந்த ஓரத்தின் வழியாகத்தானாம். துடைத்து, பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார். திரை வெளிச்சமானது.

"சாமான் சரியாதான் எடுத்திருக்கீங்க, அக்கா."

கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

இப்போதும் பொட்டு வைக்கிறேன். எல்லாம் மாட்டி, மூடியைத் திருகி முடித்த பிறகு, பெட்டியின் வெளியே.