தேங்காயெண்ணெய் போட்ட சைக்கிள்

விக்ரோலியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அங்கே டப்பாப் பட்டறை வேலை பிடிக்கவில்லை. விடியுமுன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அறுபதுகளின் பம்பாயில் வேலையை விடுவது எனக்குச் சட்டை மாற்றுவது மாதிரிதான். அடுத்த வேளைச் சோறு எங்கே என்பது தெரியாது, அது புதிதுமில்லை. கிங்ஸ் சர்க்கிளுக்கு வந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

அங்கேதான் இட்லி அண்ணாச்சி சைக்கிளோடு என் கண்ணெதிரே விழுந்தார். தாராவியில் நான் முன்பு குடியிருந்த சந்துக்காரர். பஸ்ஸுக்கு ஒதுங்க ஹேண்டிலைத் திருப்பினார். அது பாதியில் இறுகி நின்றுவிட்டது. பின்னால் கட்டியிருந்த அண்டா கவிழ்ந்து இட்லிகள் ரோட்டில் சிதறின. நான் ஓடிப்போய்த் தூக்கியபோது வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. “வண்டிய நிமித்துடே மொதல்ல” என்றார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அண்ணாச்சியை வீடு சேர்த்தபோது மத்தியானம். நாளைக் காலை இட்லி போகாவிட்டால் மாதுங்கா வாடிக்கை வேறொருவன் கைக்குப் போய்விடும். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததே அந்த வாடிக்கையால்தான். செம்பூரில் ஒரு சைக்கிள் கடையில் கொஞ்சகாலம் கை கறுத்தவன் நான். வண்டியைக் கவிழ்த்து முன்சக்கர ஃபோர்க்கை உருவினேன்.

ஹேண்டில் தண்டு சுழலும் கிண்ணத்துக்குள் கிரீஸே இல்லை. பழுப்பேறிய பிசுக்கு, அதில் தேங்காயெண்ணெய் வாசனை. பால்ரஸ் குண்டுகள் இடைவெளியில்லாமல் நெருக்கியடித்து நின்றன. ஒன்று இரண்டாகப் பிளந்து குறுக்கே செருகிக் கிடந்தது. குண்டுகளை அடுக்கும்போது ஒரு குண்டின் இடத்தைக் காலியாக விடுவார்கள். உருள இடம் வேண்டும். கெட்டியான கிரீஸ் இருந்தால் மற்றவை தம் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயில் ஒட்டாது, நழுவி விழும். அதனால் அண்ணாச்சி காலி இடத்திலும் ஒரு குண்டைத் திணித்து, ஒன்றையொன்று தாங்கும்படி செய்திருந்தார். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து கிடந்தவரை வண்டி ஓடியிருக்கிறது. வெயில் ஏறியதும் அது உருகி வழிந்துவிட, குண்டுகள் உரசி ஒன்று பிளந்து ஹேண்டிலை இறுக்கிவிட்டது.

“கிரீஸ் வாங்கக் காசில்லையா அண்ணாச்சி?”

“கிரீஸ்ல மாட்டுக் கொழுப்பு இருக்காம். அது பட்ட வண்டியில வார பண்டம் எங்க பில்டிங்ல ஏறப்படாதுன்னு மாதுங்காவுல நம்ம வாடிக்கை ஐயரு மாமா சொன்னாரு. சரின்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

“அந்த மாமாவா வந்து ஒம்ம கையப் பிடிச்சாரு?” என்றார் அண்ணாச்சியின் சம்சாரமான மதினி உள்ளேயிருந்து. அரிசி களைந்த கையோடு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: “நீரு கிரீஸப் போடும். அண்டாவ நான் புளி போட்டு வெளக்கித் தாரேன்.”

அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். “போடு. நாளைக்கு நீதான கொண்டு போவணும். ஆனா அவருகிட்ட மறைக்காத. மொதல்லயே சொல்லிட்டுப் பாத்திரத்தத் தொற” என்றார். சொன்னால் வாடிக்கை போகலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மதினி உள்ளே போய் உளுந்தை நனைத்தார்.

புதுக் குண்டுகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்தேன். காலி இடத்தைக் காலியாகவே விட்டேன். நட்டை இறுக்கி முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்ததும் ஹேண்டில் இறுக்கமில்லாமல் தன் போக்கில் ஒரு பக்கம் திரும்பியது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வலி என்று நினைத்தேன். வலி மட்டுமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை அண்டாவைக் கட்டிக்கொண்டு நான் போனேன். மாமா ஈர வேட்டியோடு கதவைத் திறந்தார். மூடியில் கைவைக்காமல் முதலில் விஷயத்தைச் சொன்னேன்.

“கிரீஸா?” நெற்றியைச் சுருக்கினார். “நானா சொன்னேன்? எப்போ?” யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. “இதுக்காகவா அவன் இத்தனை நாள் எண்ணெய் போட்டு ஓட்டினான்? அசடு.” பிறகு குரல் இறங்கிவிட்டது. “எந்தக் கை?”

“வலது கை மாமா.”

அவர் பாத்திரத்தை நீட்டினார். வழக்கமான இட்லிகளைப் போட்டுச் சட்னி ஊற்றினேன். மாமாவுக்கு நினைவே இல்லை என்பதை அண்ணாச்சியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி படியிறங்கினேன். எதிர் பில்டிங்கில் ஒரு அம்மாள் இட்லிக்காகத் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வண்டியை அந்தப் பக்கம் தள்ளினேன்.