பிள்ளைகள் பார்க்கலாம் என்று சொன்ன படம்

ஈர மணலில் துப்பிய வெற்றிலை எச்சிலும், இன்னும் காயாத பச்சை ஓலையும், ஆபரேட்டரின் அறையிலிருந்து வருகிற, புரொஜெக்டர் விளக்கின் கரிக்குச்சி எரிந்த நெடியும், தட்டிக்கு வெளியே ஆண்கள் ஒதுங்கிய இடத்தின் மூத்திர வாடையும் ஒன்றாய்க் கலந்தால் வருகிற நாற்றம்தான் எனக்குச் சினிமா. என் வயதுக்காரர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆகா, அந்தக் கொட்டகை’ என்று உருகுகிறார்கள். எனக்கு உருக்கம் வருவதில்லை, குமட்டல்தான் வருகிறது. நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே நான் பார்த்த ஒரு தமாஷ் படத்தையும், அது பிள்ளைகள் பார்க்கத் தகுந்தது என்று மூன்று பெரிய மனிதர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னதையும்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. கோட்டாற்றுக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் ஒரே ஒரு நீளத் தெருதான் எங்கள் ஊர். மாசியில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் ஊர் எல்லையில் கொட்டகை போட்டு ஒரு டூரிங் சினிமாக்காரர் வந்து இறங்கினார். பட்டணத்திலெல்லாம் ஓடித் தேய்ந்து, திரையில் கோடு கோடாய் ஓயாமல் ‘மழை பெய்கிற’ பழைய படங்கள்தான் அவரிடம் இருந்தன. கூட்டம் குறையத் தொடங்கியபோது அவர் எங்கள் தலைமை ஆசிரியரைப் பார்க்கப் போனார். அவரைப் ‘பெரிய சார்’ என்றுதான் ஊரே சொல்லும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சாயங்காலம் ஒரு தனிக் காட்சி போடுகிறேன், பழைய தமாஷ் படம் ஒன்று இருக்கிறது, பாதி டிக்கெட் தந்தால் போதும் என்று கொட்டகைக்காரர் கேட்க, பெரிய சார், “மொதல்ல நாங்க பாக்கணும்” என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் பெரிய சாரும், ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவரும், பஜனை மடத்துச் செயலாளராக இருந்த என் அப்பாவும் வெளுத்த வேட்டியும் தோளில் நேரியலுமாக முன்வரிசை நாற்காலிகளில் போய் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துத்தான் தீர்ப்பு. மற்ற இருவரும் எழுந்து போன பிறகு, அப்பா இன்னும் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

“ஒரு சீனுதான் பிள்ளேளுக்கு ஆகாது, கேட்டியா. அதுக்கு ஆபரேட்டரை அட்டை பிடிக்கச் சொல்லியாச்சு. பாக்கியெல்லாம் சுத்தமான தமாஷ். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்து போச்சு.”

“ஆகாத சீனு எதுவாம்?” என்று அம்மா கேட்டாள்.

அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மரத்தடியில ரெண்டுபேரும் இருக்காவ. அவன் அவ தலையில பூ வச்சு, தோளைச் சேத்துப் பிடிக்கான்.”

“கெட்டின பொண்டாட்டிதானே?”

“கெட்டினவன்னா வெளிச்சத்துலயா?”

அந்தப் படம் முழுக்க அந்த மனுஷன் தன் மனைவியை அடிக்காமல் தொட்ட இடம் அது ஒன்றுதான். சலித்துச் சலித்துப் பார்த்து அதைத்தான் மூன்று பேரும் குப்பை என்று எடுத்து எறிந்தார்கள்.

செண்பக மைனியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மைனி என் பெரியப்பா மகனின் மனைவி, எங்களுக்குப் பக்கத்து வீடு. குழித்துறைப் பக்கத்திலிருந்து வந்தவள், பேச்சில் பாதி மலையாளம் இழையும். அப்பா இல்லாதவள், கூடப்பிறந்தவர்களும் கிடையாது, ஏதாவது என்றால் வண்டி கட்டிக்கொண்டு வந்து நிற்க ஆள் இல்லை. அண்ணன் அவளை அடிப்பான். குழம்பில் உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி, இரண்டும் இல்லாத நாளில் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை என்பதற்காக அடி. அவன் வெளியே கண்ணியவான், பஜனையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவன்.

ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குள் அடி பொறுக்க முடியாமல் போன பெண் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்றுவிடுவாள். கத்த வேண்டாம், யார் பேரையும் சொல்ல வேண்டாம். ‘தெருவிறங்கியாச்சு’ என்றால் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு மற்றப் பெண்கள் வந்து அவளைச் சுற்றி நிற்க வேண்டும், ஆண்கள் போய்ப் புருஷனை வெளியே அழைத்து நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும். கேள்வி முடிகிறவரை அவள் வேறொரு வீட்டில்தான் சாப்பாடும் தூக்கமும். அந்தப் படம் வருவதற்கு முந்தைய ஆடியில் மைனி அப்படி ஒரு தடவை இறங்கினாள். அன்றைக்கு அண்ணன் தலையைத் தொங்கப் போட்டு நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்கப்புறம் பல மாதம் அவன் கை நீளவில்லை. எங்கள் வீட்டில் தங்கியிருந்த அந்த நாட்களில், என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே மைனி அம்மாவிடம், “எனிக்கு வேற ஆரு உண்டு சின்னத்தை? இந்தத் தெரு உண்டு. அது மதி, அது போதும்” என்று சொன்னாள்.

காட்சி நாளன்று எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போய் மணலில் உட்கார வைத்தார்கள். மரத்தடிக் காட்சி வந்ததும் ஆபரேட்டர் லென்ஸுக்கு முன்னால் அட்டையைப் பிடித்தார். இருட்டுக்குள் பாட்டு மட்டும் கேட்டது, பையன்கள் விசில் அடித்தார்கள், பெரிய சார் அதட்டினார். பிறகு வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில் வந்தது என்ன என்று கேளுங்கள். புருஷன் அகப்பையை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியைத் துரத்துகிறான். முதுகில் விழுகிற ஒவ்வொரு அடிக்கும் பின்னணியில் ‘தொம்’ என்று ஒரு தவில் ஓசை. அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடி வந்து கும்பிடுகிறாள். தெருக்காரர்கள் வந்து கூடுகிறார்கள். கூடி என்ன செய்கிறார்கள்? வட்டமாக உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள். ஒருத்தன், ‘நல்லாப் போடு’ என்கிறான். அவள் திரும்பி ஓடும்போது சாணியில் வழுக்கி விழுகிறாள், அதற்கும் ஒரு ‘தொம்’. கொட்டகையே அதிர்ந்தது. பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் அவள் அவன் காலில் விழ, இனிமேல் ஒழுங்காக இரு என்று அவன் மன்னிக்க, படம் சுபம்.

தூ. பல வருஷம் கழித்து எழுதும்போதும் நாக்கு கசக்கிறது.

அடுத்த நாளிலிருந்து தெருவில் அதுதான் விளையாட்டு. ஒருவன் புருஷன், ஒருத்தி பெண்டாட்டி, மற்றவர்கள் வாயால் தவில். பெரியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் என்னமாய்ப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள் என்று சிலர் பெருமைப்பட்டார்கள்.

அந்த வார முடிவிலேயே மைனி மறுபடியும் இறங்கினாள். விளக்கு வைக்கிற நேரம். முடி அவிழ்ந்திருந்தது, உதடு கிழிந்து ரத்தம் தாடைக்கு வந்திருந்தது, இடது காதைக் கையால் பொத்தியிருந்தாள். நடுத்தெருவுக்கு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், வழக்கப்படி நின்றாள். அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டுப் படியிறங்கினாள். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பொடியன் ‘தொம்’ என்றான்.

ஒன்று பத்தாயிற்று. மைனி ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள், ‘தொம்.’ கையை இறக்கினாள், ‘தொம்.’ பிள்ளைகள் சுற்றி வட்டமாகவே உட்கார்ந்துவிட்டார்கள், படத்தில் உட்கார்ந்தது போலவே. அவர்களை அடித்து விரட்ட வேண்டிய ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோபத்தால் அல்ல, சிரிப்பை மறைக்க. எங்கள் வாசலில் நின்ற என் அப்பா துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். தோள் குலுங்கியது. மைனி தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள்.

அம்மா போய்ச் சேருவதற்குள் அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தட்டினாள், விடாமல் தட்டினாள். உள்ளேயிருந்து மைனியின் குரல் மட்டும் வந்தது. “ஒண்ணுமில்ல சின்னத்தை. நீங்க வீட்டுக்குப் போங்க.”

அன்றைக்கு அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் நின்று கேட்டாள். “பூ வைக்கது பிள்ளேளுக்கு ஆகாது. இது ஆகும் என்னா?”

“படம் என்னட்டி செய்யும்? பிள்ளேளு விளையாட்டுக்குச் செய்யுது.”

“பிள்ளேளு செய்யட்டும். நீங்க எதுக்குச் சிரிச்சிய?”

அப்பா ரசம் ஊற்றச் சொன்னார். அம்மா ஊற்றவில்லை. அவரே ஊற்றிக்கொண்டார். பெரிய சார் மறுநாள் பள்ளியில் எங்களை நிறுத்தி, சந்தி நேரத்தில் தெருவில் கூச்சல் போடுவது ஒழுக்கக்கேடு என்று பேசினார். கூச்சல்தான் அவருக்குக் கேட்டிருக்கிறது. கொட்டகைக்காரர் அடுத்த ஊருக்குப் போகும்போது, பள்ளிக்கூடத்தாரே பாராட்டிய படம் என்று தட்டி எழுதி வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

மைனிக்கு இடது காது அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பி வலது பக்கம் காட்டுவாள். பிறகு அண்ணன் சாகும்வரை, அது நெடுங்காலம், அவன் கை நிற்கவும் இல்லை, அவள் வாசற்படி இறங்கவும் இல்லை.

போன மாதம் என் மருமகள் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு பழைய தமாஷ் படம் தேடிக்கொண்டிருந்தாள். போனில் ஒன்று அகப்பட்டது. இதேதான், மழை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. “இந்தக் காலத்துப் படம் எல்லாம் ஒரே ஆபாசம் அத்தை. இது பிள்ளைங்க பாக்கலாம்தானே?” என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். மைனியின் கதையைச் சொன்னேன். படத்தை நிறுத்திவிட்டாள், நல்ல பெண். ஆனாலும், “அந்தக் காலத்துல யாருக்கும் அதெல்லாம் தப்பாத் தெரியலை, இல்லையா?” என்று கேட்டாள். எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். தெரியாமல் என்ன? தப்பு என்று தெரிந்ததனால்தானே அப்படி ஒரு வழக்கமே தெருவில் இருந்தது. அதை ஒரு சாயங்காலத்தில் சிரித்து ஒழித்தார்கள்.

மைனி தன் எண்பதுகளில் இறந்தாள். காரியத்துக்குப் போயிருந்தேன். ஓட்டு வீடுகள் போய் மாடிகள் வந்துவிட்டன, வாசல்தோறும் இரும்புக் கதவு. துக்கம் கேட்க வந்திருந்த ஒரு கிழவர், அன்றைக்கு வட்டத்தில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவர்தான், நாற்காலியைச் சரியாகப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “என்ன ஒரு குடும்பம். இத்தனை வருஷத்துல அந்த வீட்டுலேருந்து ஒரு சத்தம் வெளிய கேட்டதுண்டா?”

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். தெரு காலியாகக் கிடந்தது. மைனிக்குப் பிறகு அங்கே ஒரு பெண்ணும் இறங்கி நின்றதில்லை. நின்றால் என்ன நடக்கும் என்று அன்றைக்குச் சன்னல் சன்னலாக நின்று எல்லாப் பெண்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.